உள்ளூர்ப் பதவியும் சர்வதேசக் குற்றமும்: தாபா, பிரியெடோர் வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

போர்க்குற்றம் என்றதும் படைத்தளபதிகளும் நாட்டுத் தலைவர்களுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவர். எனினும், இனப்படுகொலைக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று முழு விசாரணை நடத்தித் தண்டித்த முதல் மனிதர் தளபதியும் அல்லர், அமைச்சரும் அல்லர். பள்ளி ஆசிரியராகவும் கல்வி ஆய்வாளராகவும் பணியாற்றிவிட்டு, ருவாண்டாவின் தாபா என்னும் கம்யூனுக்குத் தலைவரான ழான்-போல் அகாயேசு என்பவரே அவர். அவர் மீது 1998 செப்டம்பர் 2 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பையும், போஸ்னியாவின் பிரியெடோர் நகராட்சித் தலைவர் மிலோமிர் ஸ்டாகிச் மீது 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் வழங்கப்பட்ட தீர்ப்புகளையும் விலக்கிவிட்டு, உள்ளூர் அரசியல்வாதியின் குற்றப்பொறுப்பைப் பற்றிப் பேச இயலாது. ஊர் அளவில் அதிகாரம் செலுத்துபவர் போர்க்காலக் கொடுமைகளுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்பதும், அந்தப் பொறுப்பை எந்தக் குற்றத்தின் பெயரால் அவர்மேல் சுமத்துவது என்பதும் இவ்வழக்குகளில்தான் முதன்முறையாக ஆழ்ந்து ஆராயப்பட்டன.

இவ்வாய்வில் மூன்று குற்ற வகைகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை முதலில் பிரித்துக் காண வேண்டும். ஆயுத மோதலோடு தொடர்புடையதாய், அம்மோதலில் பங்கேற்காதோரையோ ஆயுதத்தைக் கீழே வைத்தோரையோ கொல்வதும் வதைப்பதும் போன்ற செயல்கள் போர்க்குற்றங்கள் எனப்படும். உள்நாட்டு மோதல்களைப் பொறுத்தவரை இதற்கு அடிப்படையாக அமைவது, 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும் ஒரே வாசகமாக இடம்பெற்றிருப்பதால் பொதுப் பிரிவு 3 என்று அழைக்கப்படும் விதியாகும். குடிமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடத்தப்படும் தாக்குதலின் பகுதியாகச் செய்யப்படும் கொலை, சித்திரவதை, வன்புணர்வு முதலியன மானுடத்திற்கு எதிரான குற்றங்கள். ஒரு தேசிய, இன, மரபின, சமயக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழித்துவிட வேண்டும் என்ற உள்நோக்கம் நிறுவப்பட்டாலன்றி எந்தப் பேரழிவும் சட்டத்தின் கண்ணில் இனப்படுகொலை ஆகாது.

ருவாண்டாவின் கம்யூன் என்ற அமைப்பு, ஒரு பேரூராட்சியின் பணிகளையும் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தின் அதிகாரத்தையும் ஒருங்கே கொண்டிருந்தது. அதன் தலைவரான பூர்க்மேஸ்தர், மைய அரசின் பிரதிநிதியாகவும் ஊர் மக்களின் தலைவராகவும் இரட்டை நிலையில் இருந்தார். கம்யூனின் காவலர்கள் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஒருவர் ஹூட்டு இனத்தவரா டுட்சி இனத்தவரா என்பதைக் குறிப்பிடும் அடையாள அட்டை, பெல்ஜியக் காலனி ஆட்சிக் காலத்திலிருந்தே தொடர்ந்து வந்த அந்த அட்டை, வழங்கப்பட்ட இடமும் கம்யூன் அலுவலகமே. சட்டப் புத்தகம் அவருக்குக் கொடுத்ததைவிட ஊர் வழக்கம் அவருக்குக் கொடுத்தது அதிகம் என்பதைச் சாட்சிகள் பலரும் எடுத்துரைத்தனர். குடும்பச் சண்டையிலிருந்து நிலத் தகராறு வரை அவரிடமே சென்றது. 1994இல் கொலைப்படைகள் வீடு வீடாகச் சென்றபோது எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற அறிவு இந்த அளவில்தான் குவிந்திருந்தது என்பதை மனத்தில் கொள்ளாமல் தாபா வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

அகாயேசு 1991இல் உருவான எதிர்க்கட்சி ஒன்றில், அதாவது ஜனநாயகக் குடியரசு இயக்கத்தில் சேர்ந்து, 1993 ஏப்ரலில் தாபாவின் பூர்க்மேஸ்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1994 ஏப்ரல் 6 அன்று அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் தலைநகர் கிகாலியில் தொடங்கிய படுகொலை, தாபாவுக்குள் உடனே நுழைந்துவிடவில்லை. வெளியிலிருந்து வந்த இன்ட்ரஹாம்வே என்னும் ஆளுங்கட்சிக் கொலைப்படையை ஏறத்தாழ 12 நாட்கள் அகாயேசு எதிர்த்து நின்றார் என்பதை நீதிமன்றமே தன் தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. இந்த உண்மை அவருக்குச் சாதகமாகத் தோன்றினாலும் இறுதியில் அவருக்கே எதிராக நின்றது; ஏனெனில், தடுக்க விரும்பியபோது அவரால் தடுக்க முடிந்தது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேறு இல்லை.

ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் கிட்டராமா மாவட்டத்தின் பூர்க்மேஸ்தர்களைக் கூட்டிப் பேசினர். அந்தக் கூட்டத்திற்குச் சென்று திரும்பிய அகாயேசு வேறு மனிதராக இருந்தார். மறுநாள் விடியற்காலையில் கிஷியேஷியே என்ற இடத்தில், கொல்லப்பட்ட இன்ட்ரஹாம்வே இளைஞர் ஒருவரின் உடலைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தபோது, ஒரே எதிரியை ஒழிக்க மக்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அவர் பேசினார். அவர் சுட்டிய எதிரி, டுட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படைக்குத் துணைபோவோர். கூடியிருந்தோர் அதை டுட்சி மக்கள் அனைவரையும் குறிப்பதாகவே புரிந்துகொண்டனர், அவ்வாறு புரிந்துகொள்ளப்படும் என்பதை அவரும் அறிந்திருந்தார் என்று நீதிமன்றம் கண்டது. பட்டியல் ஒன்றிலிருந்து பெயர்களை அவர் வாசித்ததாகவும், பெயர் பகிரங்கமாக வாசிக்கப்படுவது அந்த ஆளுக்கு மரண தண்டனைக்குச் சமம் என்பதை அறிந்தே வாசித்ததாகவும் சாட்சிகள் கூறினர். அன்று தொடங்கிய கொலைகளுக்கு ஆளானோரில் ஆசிரியர்களும் அடக்கம். முன்னர் ஆசிரியராக இருந்த ஒருவரின் ஆளுகையில் இது நிகழ்ந்தது. ஜூன் இறுதிக்குள் தாபாவில் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டனர்.

வழக்கு 1997 ஜனவரியில் தான்சானியாவின் அருஷா நகரில், ருவாண்டாவுக்கான சர்வதேச நீதிமன்றத்தில் தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவில்லை. சாட்சியம் அளித்த தாய் ஒருவர், தம் ஆறு வயது மகள் மூவரால் வன்புணரப்பட்டதைக் கூறிய பின்னரும், கம்யூன் அலுவலக வளாகத்தில் பெண்களுக்கு நேர்ந்ததை வேறொரு சாட்சி விவரித்த பின்னருமே 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த பெண்கள் அடைக்கலம் தேடியது அந்த அலுவலகத்தில்தான். அதே வளாகத்தில், பூர்க்மேஸ்தரின் கண்ணெதிரே, சில வேளைகளில் அவர் ஊக்குவிக்க, வன்புணர்வு நிகழ்ந்தது. அதிகாரம் பெற்ற ஒருவர் பேசாமல் பார்த்து நிற்பது குற்றம் செய்வோருக்கு அனுமதியாகவே அமைகிறது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வன்புணர்வுக்குச் சர்வதேசச் சட்டத்தில் முதன்முதலாக வரையறை தந்ததும், ஒரு குழுவை அழிக்கும் உள்நோக்கத்தோடு செய்யப்படுமாயின் அதுவே இனப்படுகொலைச் செயலாகும் என்று அறிவித்ததும் இத்தீர்ப்பே. செனகலின் லாயிட்டி காமா, ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென் ஆகியோருடன் அமர்ந்த மூன்றாவது நீதிபதி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தமிழ் மரபில் பிறந்த நவநீதம் பிள்ளை. சாட்சிகளிடம் அவர் தொடுத்த கேள்விகள் பாலியல் வன்முறை பற்றிய உண்மைகள் வெளிவர வழிவகுத்தன. பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராக அவர் தமிழ் உலகில் பரவலாக அறியப்பட்டாலும், சட்ட வரலாற்றில் அவருடைய பெரும் பணி அருஷாவில் நிகழ்ந்தது என்று மதிப்பிடுவதே பொருந்தும்.

எதிர்த்தரப்பின் மையவாதம் இயலாமை. கைவிரல் விட்டு எண்ணத்தக்க காவலர்களை மட்டும் வைத்திருந்த ஒரு கிராமத் தலைவர், அரசும் படையும் வானொலியும் ஒன்றுசேர்ந்து நடத்திய அழிவை எப்படி நிறுத்தியிருக்க முடியும் என்று அவர்கள் கேட்டனர், ஐ.நா. அமைதிப்படையின் தளபதியாக இருந்த ரோமியோ டலேரையே 1998 பிப்ரவரியில் சாட்சியாக அழைத்தனர். உண்மையான அதிகாரம் அப்பகுதியின் இன்ட்ரஹாம்வே தலைவரின் கைக்குப் போய்விட்டது என்றும் அகாயேசு கூறினார். இந்த வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கொலைக்கு உடன்பட மறுத்த அதிகாரிகள் சிலர் ருவாண்டாவில் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம் தடுக்கத் தவறியது என்ற அளவில் நிற்கவில்லை. அவர் பேசினார், பெயர் சொன்னார், ஆணையிட்டார், அலுவலக வளாகத்தில் நிகழ்ந்தவற்றுக்குத் துணைநின்றார். இன்ட்ரஹாம்வேயினர் அவருக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று குற்றப்பத்திரிகை கூறாத நிலையில், கீழுள்ளோரின் குற்றத்துக்கு மேலுள்ளவர் பதில் சொல்ல வேண்டும் என்ற மேலதிகாரப் பொறுப்புக் கோட்பாட்டின்படி அவரைத் தண்டிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டு, அவருடைய சொந்தச் சொல்லையும் செயலையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. இந்தக் கட்டுப்பாடே தீர்ப்புக்கு வலிமை தருகிறது.

15 குற்றச்சாட்டுகளில் 9இல் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 1998 அக்டோபர் 2 அன்று ஆயுள் தண்டனை பெற்றார். விடுவிக்கப்பட்ட 6 குற்றச்சாட்டுகளுள் 5 போர்க்குற்றங்கள் என்பது பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் செய்தி. ருவாண்டாவில் அரசுப் படைக்கும் கிளர்ச்சிப் படைக்கும் இடையே ஆயுத மோதல் இருந்தது என்பதில் நீதிபதிகளுக்கு ஐயம் இல்லை. அகாயேசு படைவீரர்களின் மேற்சட்டை அணிந்தார், துப்பாக்கி ஏந்தினார், தாபாவுக்கு வந்த படையினருக்குக் கம்யூனின் வரைபடம் தயாரிக்க உதவினார், வானொலித் தொடர்பு அமைக்கத் துணைசெய்தார், தம் அலுவலகத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார் என்பவை விசாரணையில் வந்தன. இவ்வளவு இருந்தும், அவர் படையின் உறுப்பினர் என்றோ, அரசுப் பொறுப்பாளர் என்ற முறையில் போர் முயற்சிக்குத் துணைநிற்குமாறு முறையாகப் பணிக்கப்பட்டவர் என்றோ ஐயமற நிறுவப்படவில்லை என்று கூறி, போர்க்குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தனர். ஊர்த் தலைவர் குடிமகனே, போர் அவருடைய துறை அன்று என்ற எண்ணம் இதற்கு அடியில் இருந்தது.

இது பிழையான நிலைப்பாடு. பொதுப் பிரிவு 3 காக்க முனைவது போரில் சிக்கியோரை. கொல்பவர் சீருடை அணிந்தவரா, கோட்டு அணிந்தவரா என்பது சாகிறவருக்கு ஒரு வேறுபாடும் தருவதில்லை. 2001 ஜூன் 1 அன்று மேல்முறையீட்டு அமர்வு, குறிப்பிட்ட சில வகையினர்மேல் மட்டுமே அவ்விதி பாயும் என்று விசாரணை அமர்வு கருதியது சட்டப் பிழை என்று தெளிவாக அறிவித்தது. குற்றவாளிக்கும் போரிடும் தரப்புக்கும் இடையே தனி உறவு இருக்க வேண்டியதில்லை. குற்றத்துக்கும் ஆயுத மோதலுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும். ஆயினும் அகாயேசுவின் விடுதலை மாற்றப்படவில்லை. அரசுத் தரப்பு சட்டம் தெளிவாக வேண்டும் என்றுதான் கேட்டதே தவிர, விடுதலையை நீக்கக் கோரவில்லை. தண்டனையில் அதனால் குறைவு ஏற்படவில்லை என்றாலும், போர்க்குற்றத்தின் பெயரில் அவர்மேல் ஒரு தீர்ப்பும் இல்லை.

அந்த நெருங்கிய தொடர்பு எப்படி அளக்கப்படும் என்பதற்கு, முன்னாள் யூகோஸ்லாவியா நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு 2002 ஜூன் 12 அன்று குனாரட்ஸ் வழக்கில் விடை தந்தது: குற்றம் புரிவதற்கான ஆற்றலிலோ, முடிவிலோ, முறையிலோ, நோக்கத்திலோ மோதலின் பங்கு கணிசமாக இருந்திருக்க வேண்டும். ருவாண்டா நீதிமன்றத்தில் 2003 மே மாதம், இன்ட்ரஹாம்வேயின் துணைத்தலைவர்களுள் ஒருவரான வணிகர் ஜார்ஜ் ருட்டாகண்டா மேல்முறையீட்டில் போர்க்குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 2005இல் பிகும்பி கம்யூனின் முன்னாள் பூர்க்மேஸ்தர் லொரான் செமான்ஸாவும் அவ்வாறே தீர்க்கப்பட்டார். அகாயேசுவுக்கு மூடியிருந்த கதவு ஏழு ஆண்டுகளில் இன்னொரு பூர்க்மேஸ்தருக்குத் திறந்தது.

பிரியெடோரின் கதை வேறு வகையில் பாடம் தருகிறது. போஸ்னியாவின் வடமேற்கிலுள்ள அந்நகராட்சியில் 1991 மக்கள்தொகைக் கணக்கின்படி 1,12,543 பேர் வாழ்ந்தனர். முஸ்லிம்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு, செர்பியர் 42 விழுக்காடு. அங்கே தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட முஸ்லிம் தலைவர் முகமது செஹாயிச். துணைத்தலைவர் செர்பிய ஜனநாயகக் கட்சியின் ஸ்டாகிச், தொழிலால் மருத்துவர், வயது முப்பது. 1992 ஏப்ரல் 29 நள்ளிரவுக்குப் பின் செர்பியக் கட்சி காவல்துறையின் துணையோடு நகரைக் கைப்பற்றியதும் ஸ்டாகிச் தலைவரானார். நெருக்கடிக் குழு என்ற பெயரில் போர்க்காலத்தில் நகராட்சியின் எல்லா அதிகாரமும் குவிக்கப்பட்ட அமைப்புக்கும் அவரே தலைவர். வாக்கால் வந்த செஹாயிச் ஒமார்ஸ்கா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கிருந்து உயிரோடு திரும்பவில்லை.

ஒமார்ஸ்கா ஓர் இரும்புச் சுரங்க வளாகம். கெராதெர்ம் ஒரு பீங்கான் தொழிற்சாலை. திர்னோபொல்யேயில் பள்ளிக்கூடம் முகாமாயிற்று. மே 31 அன்று காவல்துறைத் தலைவர் சிமோ டிர்ல்யாச்சா ஒமார்ஸ்கா முகாமை அமைக்கப் பிறப்பித்த எழுத்துபூர்வமான ஆணை, நெருக்கடிக் குழுவின் முடிவின்படியே அது பிறப்பிக்கப்படுவதாகத் தொடங்குகிறது. அந்த ஒரு வரி, நகராட்சியின் கூட்ட அறையையும் சுரங்க வளாகத்தையும் இணைத்துவிட்டது. கைதிகளை இடம் மாற்றப் பேருந்துகளும் எரிபொருளும், முகாம்களின் காவல் ஏற்பாடு, யாரை விடுவிக்கக் கூடாது என்ற முடிவு ஆகியவை நகராட்சி நிர்வாகத்தின் வழக்கமான கோப்புகளாக நகர்ந்தன. செர்பியர் அல்லாதோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களின் வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிடப்பட்டது, கைகளில் வெள்ளைப் பட்டை கட்டப்பட்டது. ஆகஸ்ட் 21 அன்று பேருந்துகளில் அழைத்துச் செல்லப்பட்ட ஆண்கள் ஏறத்தாழ 200 பேர் வ்லாஷிச் மலையின் கொரிச்சானி பாறை விளிம்பில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2013இல் தோமாஷிட்சா என்ற இடத்தில் 400க்கும் மேற்பட்ட உடல்களைக் கொண்ட புதைகுழி கண்டெடுக்கப்பட்டது.

ஸ்டாகிச் தம் கையால் எவரையும் தாக்கியதாகச் சாட்சியம் இல்லை. 2001 மார்ச் 23 அன்று பெல்கிரேடில் கைதான அவருக்கு, 2003 ஜூலை 31 அன்று முன்னாள் யூகோஸ்லாவியா நீதிமன்றத்தின் விசாரணை அமர்வு ஆயுள் தண்டனை விதித்தது. 1,500க்கும் மேற்பட்ட கொலைகளுக்கு அவரைப் பொறுப்பாக்கி, கூண்டோடு அழித்தல், இன வேறுபாட்டால் துன்புறுத்தல், போர்க்குற்றமாகிய கொலை ஆகியவற்றில் குற்றவாளி எனக் கண்டது. குடிமை நிர்வாகத் தலைவர் ஒருவர் போர்க்குற்றத்துக்குப் பொறுப்பாவதில் இங்கே எந்தத் தயக்கமும் எழவில்லை. இனப்படுகொலைக் குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். முஸ்லிம்களை அப்பகுதியிலிருந்து அகற்றும் நோக்கம் நிறுவப்பட்டதே ஒழிய, அழிக்கும் நோக்கம் ஐயமற நிறுவப்படவில்லை என்று நீதிபதிகள் கருதினர். உயிர் தப்பியோருக்கு இன்றுவரை ஆறாத புண் இது. 2006 மார்ச் 22 அன்று மேல்முறையீட்டு அமர்வு தண்டனையை 40 ஆண்டுகளாகக் குறைத்தது. விசாரணை அமர்வு சொந்தமாக வகுத்த கூட்டாகக் குற்றமிழைத்தல் என்னும் கோட்பாட்டை நீக்கிவிட்டு, ஒரு பொதுத் திட்டத்தில் தெரிந்தே பங்கேற்றவர் அத்திட்டத்தின் குற்றங்களுக்குப் பொறுப்பாவார் என்னும் கூட்டுக் குற்ற முயற்சிக் கோட்பாட்டை அதன் இடத்தில் வைத்தது.

இக்கோட்பாடு வலையை மிக அகலமாக வீசுகிறது, பதவியில் இருந்ததையே குற்றமாக்கிவிடுகிறது என்ற எதிர்ப்பு வழக்கறிஞர்களிடையே உண்டு. தீர்ப்புகளின் வரலாறு அந்த அச்சத்தை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. மபான்ஸா கம்யூனின் பூர்க்மேஸ்தர் இன்யாஸ் பகிலிஷேமா 2001 ஜூன் 7 அன்று எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார், மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ருக்காரா கம்யூனின் ழான் எம்பம்பாரா 2006இல் விடுதலையானார். அவர்களின் கம்யூன்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் அவர்களின் சொல்லும் செயலும் அந்தச் சாவுகளோடு பிணைந்திருந்தன என்பது நிறுவப்படவில்லை. இதற்கு மாறாக, ருசுமோவின் சில்வெஸ்டர் ககும்பிட்சிக்கு 2004இல் வழங்கப்பட்ட 30 ஆண்டுத் தண்டனை 2006இல் ஆயுளாக உயர்ந்தது. ஒரே பதவி, ஒரே ஆண்டு, வெவ்வேறு தீர்ப்புகள். பதவியைக் கொண்டு மட்டும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனத்தின்கீழ் இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், மிகப் பெரிய பொறுப்புடையோரையே குறிவைக்கிறது. நாட்டு நீதிமன்றங்கள் விசாரிக்க விரும்பாத, அல்லது இயலாத வழக்குகளை மட்டுமே எடுக்கிறது. பிலிப்பைன்ஸின் ரோட்ரிகோ டுட்டர்ட்டே 2025 மார்ச்சில் கைதாகி அந்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டபோது, அதிபராவதற்கு முன் டவாவோ நகர மேயராக இருந்த காலமும் குற்றச்சாட்டின் எல்லைக்குள் வந்தது. ஆனால் அவர்மேல் உள்ளது போர்க்குற்றம் அன்று, மானுடத்திற்கு எதிரான குற்றம். மேயராக மட்டுமே இருந்து ஓய்ந்த ஒருவரை அந்நீதிமன்றம் தேடிப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்விடைவெளியை நாட்டு நீதிமன்றங்கள் ஓரளவு நிரப்பியுள்ளன. முவும்பா கம்யூனின் முன்னாள் தலைவர் ஓனெஸ்ஃபோர் ருவாபுகோம்பே ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் விசாரிக்கப்பட்டு, 2014இல் 14 ஆண்டும், மறுவிசாரணைக்குப் பின் 2015 டிசம்பரில் ஆயுளும் பெற்றார். கபரோண்டோவின் முன்னாள் தலைவர்களான ஒக்தாவியன் என்கென்ஸி, டீட்டோ பராஹிரா ஆகிய இருவருக்கும் 2016 ஜூலையில் பிரான்ஸ் ஆயுள் தண்டனை விதித்தது. ஆயினும் இவை, குற்றவாளி அகதியாகக் குடியேறிய நாட்டின் விருப்பத்தைப் பொறுத்தவை. கொலைத் திட்டம் தலைநகரில் தீட்டப்படலாம். அது நிறைவேற, அண்டை வீட்டாரின் பெயர் தெரிந்த, அலுவலக முத்திரை கையில் உள்ள ஒருவர் வேண்டும். தலைவர்களை மட்டும் தண்டித்து அந்த ஒருவரை விட்டுவிடும் நீதி அரைகுறையானது. நாடுகள் தத்தம் சட்டங்களில் போர்க்குற்றத்தையும் இனப்படுகொலையையும் சேர்த்து, உள்ளூர்ப் பதவியாளரையும் விசாரிக்க ஆயத்தமாக இருப்பதே இதற்கு மாற்று.

ருவாண்டா நீதிமன்றம் 93 பேர் மீது குற்றம் சாட்டி, 62 பேருக்குத் தண்டனை விதித்து, 2015 இறுதியில் மூடப்பட்டது. தலைமறைவாக இருந்தோரில் கடைசி இருவரின் சாவு 2024 மே மாதம் உறுதிப்படுத்தப்பட்டு, தேடப்படுவோர் பட்டியல் முடிவுக்கு வந்தது. அவ்விருவருள் ஒருவரான சார்ல்ஸ் சிகுப்வாபோ 1998இலேயே சாட் நாட்டில் இறந்து புதைக்கப்பட்டிருந்தார். அவர் கிஷிட்டா கம்யூனின் முன்னாள் பூர்க்மேஸ்தர்.